சபுர்ப் பணம் நின்றபோது ஓடிய தையல் இயந்திரம்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது பலருடைய கவனமும் முகப்பு, திண்ணை, தேக்குத் தூண்கள் ஆகியவற்றின் மீதே செல்கிறது. அடுப்படியைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எளிது என்பர். சென்ற ஆண்டு எங்கள் பூர்விக வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. அடுப்படியை இடிக்காமல் செப்பனிடத் தொடங்கியதால், எங்கள் குடும்பம் மறந்திருந்த ஒரு வரலாறு வெளிப்பட்டது. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தின் பாபநாசம் வட்டத்தில் உள்ளது. அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. சுற்றிலும் நெல் வயல்கள். ஆனால் இப்பகுதி முஸ்லிம் வீடுகள் பலவற்றை எழுப்பியது நெல் மட்டுமன்று, சபுர்ப் பணமும்தான். பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல் நம் வழக்கில் 'சபுர்' ஆயிற்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பொருளீட்டச் சென்றவர் 'சபுராளி' ஆனார்.

சுவரும் பரணும்

எங்கள் அடுப்படி செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. விறகு அடுப்பின் புகை படிந்து அதன் மேற்சுவர் கறுத்திருந்தது. கீழ்ச்சுவரிலோ வேறொரு கேடு. 1980களில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மீது சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஆற்றுப் பாசனப் பகுதியில் நிலத்தடி ஈரம் சுவர்களில் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியேற விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். அதனால் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர், சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தார். நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, மணலுடன் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பூசினார். சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். பொறுமைக்குக் கிடைத்த பலனாக, இந்த மழைக்காலத்தில் சுவரில் உப்புப் பூக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பரணை ஒழித்தபோதுதான் அந்தப் பெட்டி கீழே இறங்கியது. வளைந்த மரமூடி, பித்தளைக் கைப்பிடி. உள்ளே கறுப்பு நிறத்தில், பொன்னிற வேலைப்பாடு மங்கிய ஒரு கைத் தையல் இயந்திரம். மூடியைத் திறந்ததும் என் அண்ணன், "நன்னியோட சிங்கர் மெஷின்" என்றார். எங்கள் அத்தாவைப் பெற்ற நன்னி மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் தைத்ததை நாங்கள் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். ஆனால் அடுப்படிச் சன்னலுக்குக் கீழே, தரையில் பலகை போட்டு அமர்ந்து அவர் ஏன் தைத்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

இயந்திரம் வந்த வழி

இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது. 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் அது. சிங்கர் நிறுவனத்தின் எண் வரிசைப்படி, அவ்வெழுத்து 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் உருவான இயந்திரங்களுக்கு உரியது.

தையல் இயந்திரத்தின் வரலாறு நீண்டது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851-இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1856-இல் சிங்கர் நிறுவனம் தவணை முறை விற்பனையைத் தொடங்கியது. முழு விலையையும் ஒருசேரக் கொடுக்க இயலாத குடும்பங்களின் வீடுகளுக்குள்ளும் இயந்திரம் நுழைந்தது அதன் பின்னரே. கிளைடு ஆற்றங்கரையில் 1885-இல் திறக்கப்பட்ட கிளைடுபேங்க் ஆலை, 1913-ஆம் ஆண்டில் மட்டும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களைச் செய்து அனுப்பியது. 1911 மார்ச்சில், மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் 12 பெண்கள், வேலைச்சுமையைக் கூட்டிக் கூலியைக் குறைத்ததை எதிர்த்து வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ 11,000 தொழிலாளர் வெளியேறினர். நன்னியின் இயந்திரமும் அத்தகைய கைகளின் வழியே வந்ததுதான்.

இந்தியாவில் சிங்கர் இயந்திரத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர், பார்சி சமூகத்தைச் சேர்ந்த நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் விற்பனையை அவரே கவனித்தார். மேலை நாடுகளில் இயந்திரத்தை வாங்கியோர் பெரும்பாலும் இல்லத்தரசிகள். இங்கோ வேட்டியும் சேலையும் தைக்கப்படாத ஆடைகள். ஆகவே இயந்திரம் வீட்டுக்குள் செல்வதைவிடக் கடைத்திண்ணையில் அமர்ந்த ஆண் தையற்காரர்களிடமே மிகுதியாகச் சென்றது. இயந்திரங்களை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளும், 1924-இல் தில்லியில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு விடையளிக்கையில், தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனிதரின் உழைப்பைப் பறிக்காமல் அதன் சுமையைக் குறைக்கும் கருவி என அவர் அதைக் கருதினார்.

நன்னியின் இயந்திரம் இந்தியக் கடையில் வாங்கியதன்று. அவருடைய தந்தை பினாங்கில் கடை வைத்திருந்த சபுராளி. மகளின் திருமணத்துக்காக அங்கிருந்து அதைக் கொண்டுவந்தார். அந்நாளில் நம் பகுதிச் சபுராளிகளின் துறைமுகம் நாகப்பட்டினம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடியது. அக்கப்பலும் கிளைடு ஆற்றங்கரையில் கட்டப்பட்டதே. நாகப்பட்டினத்தில் இறங்கியவர்களுக்கு 1861 முதலே தஞ்சாவூருக்கு இரயில் இருந்தது. தஞ்சையிலிருந்து மாட்டு வண்டியில் அந்தப் பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததாக எங்கள் பெரிய அத்தை சொல்வார்.

மடல்கள் நின்ற ஆண்டுகள்

எங்கள் நன்னாவும் பினாங்கில்தான் இருந்தார். 1941 டிசம்பரில் அவ்வுலகம் ஒரே மாதத்தில் தலைகீழானது. டிசம்பர் 11 அன்று பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினர். அவர்களுள் பலர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே வந்தனர். வழியில் மாண்டவர் ஏராளம். மலாயாவில் இருந்தோர் திரும்பவும் இயலவில்லை, பணம் அனுப்பவும் இயலவில்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. பர்மா அரிசியின் வரவும் நின்றது. நெல் விளையும் தஞ்சையிலும், நிலமில்லாத சபுராளி வீட்டுக்கு அரிசி விலை கொடுத்தே வாங்க வேண்டிய பொருள். துணிக்கும் தட்டுப்பாடு. 1943-இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு விதித்தது.

சபுராளிகளின் துன்பத்தைப் பற்றி நம் ஊர்களில் ஓரளவு பேசப்படுகிறது. அந்த மூன்றரை ஆண்டுகள் அவர்களின் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கான விடை, இயந்திரப் பெட்டியின் அடியில் மடித்துவைத்த ஒரு குறிப்பேட்டில் இருந்தது.

அதை எங்களால் படிக்க முடியவில்லை. எழுத்து அரபி, ஆனால் மொழி அரபி அன்று. அது அர்வி எனப்படும் அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ட, ண, ப, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மீதும் கீழும் குறிகள் சேர்த்துத் தமிழை எழுதும் முறை அது. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் மார்க்க நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் பலர் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழையும் படித்தார்கள், எழுதினார்கள். நம்மில் பலர் அவர்களைக் 'கைநாட்டு' என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து நமக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

அர்வி தெரிந்த வயது முதிர்ந்த ஆலிம் ஒருவர் அதைப் படித்துக் காட்டினார். இன்னார் வீட்டுக்கு ரவிக்கை, இன்னார் பிள்ளைக்குச் சட்டை, தலையணை உறை, பெருநாள் சட்டைகள் என வரிசையாகக் குறித்து, எதிரே வரவும் பாக்கியும் எழுதியிருந்தார் நன்னி. சில வரிகளில் பணத்துக்குப் பதில் நெல், அரிசி, முட்டை. அடுப்படிச் சன்னலடியில் ஏன் தைத்தார் என்பதும் அப்போதே விளங்கிற்று. பெண்கள் கொல்லை வழியாக நேரே அடுப்படிக்கு வந்து அளவு ரவிக்கையைக் கொடுத்துச் செல்லலாம். ஆண் தையற்காரர் முன் நின்று அளவு கொடுக்க வேண்டியதில்லை. கஞ்சி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நன்னி தைக்கலாம். வெளியில் கால் வைக்காத ஒரு பெண், பிள்ளைகள் இருவரையும் மாமியாரையும் காப்பாற்றிய தொழிற்கூடம் அந்த அடுப்படிதான்.

குறிப்பேட்டில் சில வரிகளுக்கு எதிரே தொகை இல்லை. அங்கே 'லில்லாஹ்' என்று மட்டும் இருந்தது. அல்லாஹ்வுக்காக என்று பொருள். அவை எல்லாம் கபன் துணிக்கான வரிகள். வரவு மிகக் குறைந்த மாதங்களிலும் மையித்துக்குத் தைத்ததற்கு அவர் கூலி வாங்கவில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள், தம் கையால் உழைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்பவராக இருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தம் கை உழைப்பில் உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை மிக்தாம் (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். இவற்றை நாம் ஆண்களின் தொழிலைப் பற்றிப் பேசும்போதே அதிகம் எடுத்துச் சொல்கிறோம். நம் அடுப்படிகளுக்கும் அவை பொருந்தும்.

இயந்திரம் மீண்டும் ஓடியது

பெட்டியைத் திறந்த நாளில் இயந்திரத்தின் கைச்சக்கரம் அசையவே இல்லை. துரு காரணமன்று. உள்ளே ஊற்றிய எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. தையல் இயந்திரத்துக்கு உரிய மெல்லிய எண்ணெய் கிடைக்காத காலத்தில் நல்லெண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்றார், அதைப் பார்த்த பழைய மெக்கானிக். அடுப்படியின் எண்ணெய்க் கிண்ணம் இயந்திரத்துக்கும் பயன்பட்டிருக்கிறது.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். வீட்டில் பழைய இயந்திரம் வைத்திருப்போருக்குப் பயன்படலாம். எண்ணெய்த் துளைகளிலும் அசையும் மூட்டுகளிலும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்தார். சக்கரத்தை வலிந்து திருப்பவில்லை. இளகத் தொடங்கியதும் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து, அழுக்கைத் துணியால் துடைத்து, பிறகு இயந்திர எண்ணெய் விட்டார். மேற்புறத்தில் உப்புத்தாளோ ஸ்பிரிட்டோ படவிடவில்லை. அவை பட்டால் பொன்னிற வேலைப்பாடு உரிந்துவிடும். ஊசி இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியேதான். சிக்கல் வந்தது பாபினில். இப்போதைய இயந்திரங்களில் உள்ளதைப் போன்ற வட்டப் பாபின் இதற்குப் பொருந்தாது. இதன் ஷட்டில் படகு வடிவமானது, பாபின் நீண்ட குச்சி போன்றது. நல்லவேளையாகப் பெட்டியின் சிறு அறையில் இரண்டு பாபின்கள் நூலோடு கிடந்தன. இருபது நாளில் இயந்திரம் தைத்தது.

யாருடைய பொருள்?

ஓடத் தொடங்கியதும் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. பழம்பொருள் வாங்குவோர் நல்ல விலை தருவர், அடுப்படிச் செலவுக்கு ஆகும் என்றார் அண்ணன். புதிய அடுப்படியில் அழகுக்காக வைக்கலாம் என்றார் மதினி. அப்போது ஆலிம் அவர்கள் கேட்ட ஒரு கேள்வி எங்களை நிறுத்தியது: "இது யாருடைய சொத்து? பங்கு பிரித்தீர்களா?"

அதுவரை எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இயந்திரம் நன்னிக்கு அவர் தந்தை கொடுத்தது. அது கணவரின் சொத்தும் அன்று, வீட்டின் சொத்தும் அன்று. அவர் மறைந்தபோது நிலத்துக்கும் நகைக்கும் பங்கு பார்த்தோம். பரண்மேல் இருந்த பெட்டி வீட்டோடு சேர்ந்ததாகிவிட்டது. பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் மிகுதியாயினும், ஆண்களைப் போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் விதிக்கும் கடமை. 'குறைவாயினும்' என்பதில் ஒரு தையல் இயந்திரமும் அடங்கும். எங்கள் அத்தைகள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இருவரையும் அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். குறிப்பேட்டைப் பெரிய அத்தையின் கையில் கொடுத்தோம். அந்தப் போர்க்கால ஆண்டுகளில் அவர் கைக்குழந்தை. அர்வி அவருக்குப் படிக்க வந்தது. சிறிது நேரம் படித்துவிட்டுத் தங்கையிடம் கொடுத்தார். பிறகு இருவரும் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி, ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்: "விக்கவும் வேணாம், கண்ணாடிக்குள்ள வைக்கவும் வேணாம். தைக்கிறதுக்கு இருக்கட்டும்."

அதன்படி இயந்திரம் இப்போது புதுப்பித்த அடுப்படியில், அதே சன்னலடியில் இருக்கிறது. ஆனால் பாபின் கிடைக்காத இயந்திரத்தை நம்பி ஒரு பெண் இன்று பிழைப்பு நடத்த முடியாது. ஆகவே எங்கள் தெருவில் கணவரை இழந்து தையலைக் கற்றுக்கொண்டிருந்த சகோதரிக்கு, இந்த ஆண்டு ஸகாத்திலிருந்து மோட்டார் பொருத்திய புது இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) தம் 'அல்மஜ்மூஃ' நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையை விளக்குகிறார். தமிழக அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ், விதவைகள் உள்ளிட்ட பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. ஜமாஅத்துகள் தகுதியுள்ள சகோதரிகளுக்கு அதற்கு விண்ணப்பிக்க உதவலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். இரும்பு விலைக்குப் போடும் முன் மூன்றைச் செய்யுங்கள். எண்ணைப் பாருங்கள், எப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பெட்டியின் அடியைப் பாருங்கள், படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதேனும் இருந்தால் படிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அது யாருடையதாக இருந்தது என்று கேட்டு, அவருடைய பெண்மக்களுக்கும் சொல்லியனுப்புங்கள்.

எங்கள் வீட்டைக் கட்டியது சபுர்ப் பணம் என்று பெருமையோடு சொல்லி வளர்ந்தோம். அது உண்மைதான். அந்த வீட்டை விற்காமல் காத்தது அடுப்படியில் சுழன்ற ஒரு கைச்சக்கரம் என்பதையும் இனி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ். 'லில்லாஹ்' என்று எழுதிய அந்தக் கைகளின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.